பர்க்ஸா, கம்ப்ளீட் பீரேஜா, உயிலா? பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியை எதிலிருந்து தேடத் தொடங்கலாம்

"முதலாம் போவிஸ் எர்ல் யார்?" என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டலாம். எர்ல் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒன்று; மூன்று பதிலும் சரி. 1674-இல் வில்லியம் ஹெர்பர்ட், 1748-இல் ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட், 1804-இல் எட்வர்ட் கிளைவ். உரிய ஆண் வாரிசு இல்லாமல் போனால் பட்டம் அற்றுவிடும். பிற்பாடு அரசர் அதே பெயரில் வேறொருவருக்குப் புதிதாகப் பட்டம் கொடுப்பார். எண்ணிக்கை திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாமவர் நமக்கு அறிமுகமானவர். ராபர்ட் கிளைவின் மூத்த மகன், 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-இல் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சியில் இருந்தவர் இவர்தான். இவருடைய குடும்பத்தைத் தேடப்போய்த்தான் நான் பிரிட்டிஷ் வம்சாவளிகளுக்குள் நுழைந்தேன். நுழைந்த முதல் வாரமே ஒரு தப்பு. சந்தா கட்டிச் சேர்ந்த ஒரு குடும்பமர இணையதளத்தில், எட்வர்ட் கிளைவின் அப்பா என்று ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டைப் போட்டிருந்தார்கள். உண்மையில் அவர் மாமனார். 1784-இல் எட்வர்ட் மணந்த ஹென்றியெட்டா அவருடைய மகள். மாமனார், மருமகன் இருவருமே 'முதலாம் போவிஸ் எர்ல்'. எட்வர்டின் மூத்த மகனோ 1807-இல் கிளைவ் என்ற பெயரை விட்டுவிட்டு, தாய்வழிச் சொத்தோடு ஹெர்பர்ட் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார். பெயரையும் பட்டத்தையும் மட்டும் பார்க்கிறவர், தாத்தா ஹெர்பர்ட், பேரனும் ஹெர்பர்ட், அப்படியானால் நடுவில் இருப்பவர் மகன் என்று கோடு இழுத்துவிடுவார். அந்தக் கோட்டை நானும் என் நோட்டில் நகல் எடுத்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எந்த மூலத்தைத் திறந்தாலும், இது எதற்காகத் தொகுக்கப்பட்டது என்று முதலில் பார்க்கிறேன். பிரபுக் குடும்பம் என்று சொல்லும்போது மூன்று வழிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: பட்டம் போன வழி, ரத்தம் போன வழி, நிலம் போன வழி. பட்டம் பெரும்பாலும் பங்காளி வழியில்தான் போகும். மகள் எத்தனை பேர் இருந்தாலும், பட்டம் எங்கோ இருக்கும் சித்தப்பா பேரனுக்குப் போய்விடும். நிலம் அப்படியல்ல, மகள் வழியாகப் போகலாம். வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டை ஹெர்பர்ட் வீட்டுப் பெண்கள் வழியாக இரண்டு தடவை கைமாறியிருக்கிறது. ரத்தம் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதது. நீங்கள் தேடுவது இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துவிட்டால், எந்த நூலைத் திறப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

பர்க்ஸும் டெப்ரெட்ஸும்

பெரும்பாலானோர் முதலில் கேள்விப்படும் பெயர் பர்க்ஸ் பீரேஜ் என்ற பிரபுக் குடும்ப நூல். அயர்லாந்துக்காரரான ஜான் பர்க் 1826-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். பட்டங்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே முழுக் குடும்பத்தையும் கிளை கிளையாகக் கொடுக்கும் முறை. இதன் பெரிய பலம் இளைய பிள்ளைகள். மூன்றாவது மகனின் நான்காவது மகள் யாரைக் கட்டினாள் என்பது வரை இருக்கும். 2003-இல் வந்த 107-வது பதிப்பு வரைக்கும் அந்த அகலம் குறையவில்லை.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விவரங்களில் பெரும்பகுதி குடும்பங்களே எழுதி அனுப்பியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளில், 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியமோடு நார்மண்டியிலிருந்து வந்திறங்கிய முன்னோர் ஏராளம். அந்தக் கதைகளை உரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் வம்சாவளி ஆய்வாளர் ஜே. ஹெச். ரவுண்ட். டென்பி எர்ல்களான ஃபீல்டிங் குடும்பம், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வரலாற்றாசிரியர் கிப்பனே அதை நம்பி எழுதினார். ஆதாரமாகக் காட்டப்பட்ட பத்திரங்கள் பதினேழாம் நூற்றாண்டில் செய்த போலிகள் என்று ரவுண்ட் நிரூபித்தார். பழைய பர்க்ஸ் பதிப்பு ஒன்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும்போது, ரவுண்டுக்கு முந்தைய காலத்துக் கதைகளும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆகவே பர்க்ஸில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளாமல் ஒரு வரியும் எடுக்காதீர்கள். என் அனுபவத்தில் 1700-க்குப் பிந்தைய தலைமுறைகளுக்கு அது நல்ல துணை. 1500-க்கு முன்னால் போனால் வேறு சான்று கிடைக்கும்வரை அதை நான் எடுத்துக்கொள்வதில்லை.

டெப்ரெட்ஸும் இதே வகைதான், ஆனால் அதன் நாட்டம் உயிரோடு இருப்பவர்கள் மேல். இன்றைய எர்லின் தங்கை யார், அடுத்த வாரிசு யார் என்பதற்கு உதவும். முன்னோர்களைத் தேடுகிறவருக்கு அதில் வேலை குறைவு.

கம்ப்ளீட் பீரேஜ்

ஜார்ஜ் எட்வர்ட் கோக்கெய்ன் என்பவர் குடும்பச் சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவு செய்யும், லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் பதவி வகித்தவர். அவர் 1887 முதல் 1898 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது கம்ப்ளீட் பீரேஜ். 1910-இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பு முடிய 1959 ஆனது. திருத்தங்களுக்கென்றே ஒரு தொகுதி 1998-இல் வந்தது. இத்தனை காலம் பிடித்ததற்குக் காரணம், வரிக்கு வரி ஆவணத்தைத் தேடிப்போனதுதான். பக்கத்தின் பாதி அடிக்குறிப்பாகவே இருக்கும். போவிஸ் என்ற தலைப்பைத் திறந்தால் 1674, 1748, 1804 என்று ஒவ்வொரு பட்ட வழங்கலும் தனித்தனியாக எண்ணிடப்பட்டிருக்கும். இந்த ஒரு பக்கத்தை முதலில் பார்த்திருந்தால் என் மாமனார் குழப்பம் வந்தே இருக்காது.

குறை என்று சொன்னால், இது பட்டம் வகித்தவர்களின் நூல். அவர் எப்போது பிறந்தார், யாரைக் கட்டினார், அந்தப் பெண் யார் மகள், எப்போது இறந்தார், பட்டம் அடுத்து யாருக்குப் போனது என்பவற்றோடு நின்றுவிடும். இளைய மகன்களும் மகள்களும் பட்டத்தைத் தொட்டால் ஒழிய வரமாட்டார்கள். ஆகவே பர்க்ஸா, கம்ப்ளீட் பீரேஜா என்று கேட்டால், ஒன்று அகலம், மற்றது ஆழம். ஒரே வழியை நேராக மேலே பிடித்துக்கொண்டு போகிறவருக்கு கம்ப்ளீட் பீரேஜ். சித்தப்பா, அத்தை, மாமா என்று சுற்றத்தை விரிக்கிறவருக்கு பர்க்ஸ். இரண்டும் முரண்பட்டால் நான் கம்ப்ளீட் பீரேஜ் பக்கம் நிற்பேன்.

ஸ்காட்லாந்துக் குடும்பமாக இருந்தால் இந்தத் தயக்கமே வேண்டாம். ஜேம்ஸ் பால்ஃபர் பால் பதிப்பித்து 1904 முதல் 1914 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த ஸ்காட்ஸ் பீரேஜ், ஆவணச் சான்றோடு எல்லாப் பிள்ளைகளையும் சொல்கிறது.

இந்த நூல்களைப் படிக்க நாலைந்து சுருக்கங்கள் தெரிந்தால் போதும். டி.எஸ்.பி. என்றால் பிள்ளை இல்லாமல் இறந்தவர். டி.வி.பி. என்றால் அப்பா உயிரோடு இருக்கும்போதே இறந்தவர். எஸ்.பி.எம். என்றால் ஆண் பிள்ளை இல்லை என்று பொருள். பெண் பிள்ளைகள் இருந்திருக்கலாம். இந்தக் கடைசிச் சுருக்கத்தை 'வாரிசே இல்லை' என்று படித்துவிட்டுக் கிளையை வெட்டிவிடுகிறவர்கள் நிறைய. மகள் வழியாகப் போன ரத்தமும் நிலமும் அந்த இடத்தில்தான் தொலைகின்றன.

செலவில்லாத, ஆனால் பலரும் தேடாத இடம்

என்னிடம் ஒரே ஒரு மூலத்தைச் சொல்லச் சொன்னால், ஹிஸ்டரி ஆஃப் பார்லிமெண்ட் என்பேன். பெயரைப் பார்த்து அரசியல் வரலாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1386 முதல் 1832 வரையிலான காலத்தில் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் இருந்த உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பகுதி அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரபுக் குடும்பங்களின் மூத்த மகன்களில் பலர் அப்பா இறக்கும்வரை காமன்ஸ் சபையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தம்பிகளும் மைத்துனர்களும் அங்கேதான். கம்ப்ளீட் பீரேஜ் விட்டுவிடும் இளைய மகன்களில் பலர் இங்கே அகப்படுகிறார்கள்.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஒரு சின்னப் பத்தி இருக்கும். ராபர்ட் கிளைவுக்குப் போய்ப் பாருங்கள். 1725 செப்டம்பர் 29-இல் பிறப்பு, ஸ்டைச் ஊரின் ரிச்சர்ட் கிளைவுக்கு மூத்த மகன், 1753 பிப்ரவரி 18-இல் எட்மண்ட் மாஸ்கெலைனின் மகள் மார்கரெட்டுடன் திருமணம், எத்தனை மகன், எத்தனை மகள். சில வரிகளுக்குள் இரண்டு குடும்பங்கள் கோத்து நிற்கின்றன. அப்பா ரிச்சர்டும் எம்.பி.யாக இருந்தவர், அவர் பெயரைச் சொடுக்கினால் இன்னொரு தலைமுறை மேலே. மகன் எட்வர்ட் 1774 முதல் 1794 வரை லட்லோ தொகுதிக்கு எம்.பி.; அங்கே போனால் ஒரு தலைமுறை கீழே. ஆராய்ச்சியாளர்கள் எழுதியது, கீழே சான்று இருக்கிறது, சந்தா கிடையாது.

இணைய மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் இறங்குகிறார்கள். தி பீரேஜ் டாட் காம் என்ற தளம் ஒருவரே பல ஆண்டுகளாகப் பாடுபட்டுத் தொகுத்தது. எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து எடுத்தது என்று எண் போட்டுக் காட்டும். அந்த நேர்மைக்காகவே அதை மதிக்கிறேன். அந்த எண்ணைச் சொடுக்கினால் பல இடங்களில் பர்க்ஸ் 2003 என்று வரும். அதாவது பர்க்ஸையும் அந்தத் தளத்தையும் இரண்டு சாட்சி என்று எண்ணக்கூடாது, ஒரு சாட்சியே இரண்டு தடவை பேசுகிறது. பலர் கூடித் தொகுக்கும் குடும்பமரத் தளமான விக்கிட்ரீயில் 1700-க்கு முந்தையவர்களைத் திருத்த வேண்டுமானால் தனியாகத் தகுதிச் சான்று பெற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், அது நல்ல வேலி. அப்படி எந்த வேலியும் இல்லாத, யார் மரத்திலிருந்தும் யாரும் நகல் எடுத்து ஒட்டிக்கொள்ளும் தளங்களில், ஒரே தப்பு நூறு மரத்தில் இருக்கும். நூறு பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது.

மூல ஆவணங்கள்

நூல்கள் எல்லாம் வேறொருவர் படித்து எழுதியவை. அவர் எதைப் படித்தாரோ அதை நாமே படிப்பது கடைசி வழி, உறுதியான வழியும் அதுதான்.

நடுக்காலத்துக்கு மிகப் பெரிய சான்று, அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்ததும் நடந்த விசாரணை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிப் பதினேழாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை இது நடந்தது. எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஆட்களைக் கூட்டி, இறந்தவருக்கு எங்கெங்கே என்ன நிலம், எப்போது இறந்தார், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று சத்தியம் வாங்கி எழுதுவார். மூலம் லத்தீனில், லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சிலும் இணையத்திலும் வந்திருக்கின்றன. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'வயது 21-உம் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தால் அவருக்கு 21 வயது என்று பொருளல்ல, மேஜர் ஆகிவிட்டார் என்றுதான் பொருள். அவருக்கு நாற்பதும் இருக்கலாம். அந்த 21-ஐக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டு, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே இல்லாத ஒரு தலைமுறையைச் சொருகியவர்கள் உண்டு.

அடுத்தது உயில். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்கள் இதே காப்பகத்தில் இருக்கின்றன. வசதியான குடும்பங்களின் உயில்கள் பெரும்பாலும் அங்கேதான் போயின. கட்டிக்கொடுத்த மகளின் புதுப் பெயர், பேரப்பிள்ளைகள், மணமாகாமல் பிறந்த பிள்ளைகள் என்று எந்த நூலிலும் இல்லாத பெயர்கள் உயிலில் வரும். ஆனால் மூத்த மகன் பெயர் ஓரத்தில் ஒரு வரியோடு முடிந்துபோயிருக்கலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகாது என்று அவசரப்பட வேண்டாம். பரம்பரை நிலம் முன்பே கல்யாண ஒப்பந்தத்தில் அவனுக்கென்று கட்டிவைக்கப்பட்டிருக்கும், உயிலில் எழுத எதுவும் மிஞ்சியிருக்காது.

உறவுப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். அத்தை மகன், சித்தப்பா மகன், மாமன் மகன் என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இது தலைவலிதான். பழைய ஆங்கில உயிலில் 'கசின்' என்றால் ஏதோ ஒரு உறவு, அவ்வளவே. 'நெவ்யூ' சில இடங்களில் பேரன். 'சன் இன் லா' என்பவர் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவோடு தொடங்குகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837-இல்தான் வந்தது. பதிவேட்டைப் புரட்டும்போது பலரும் தடுக்கி விழுவது தேதியில். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. 1700 ஏப்ரலில் கல்யாணம், 1700 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவேட்டில் இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்று தோன்றும். நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1701-ஐச் சேர்ந்தது. கல்யாணமாகி பத்து மாதம். பட்டம் போவதும் போகாததும் முறையான பிறப்பைப் பொறுத்தது என்பதால், இந்த ஒரு தேதிக் குழப்பத்தில் ஒரு பிள்ளையின் உரிமையே ஆடிப்போகும். அதனால்தான் கவனமுள்ளவர்கள் அதை 1700/01 என்று எழுதுகிறார்கள்.

குடும்பம் இந்தியாவைத் தொட்டிருந்தால் நமக்கு ஒரு வசதி உண்டு. 1680-இல் கட்டி முடித்த சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேடு அந்த ஆண்டு நவம்பரில் எலிஹு யேலின் திருமணத்தோடு தொடங்குகிறது. கிளைவும் மார்கரெட்டும் மணந்ததும் அங்கேதான். மதராஸில் பாதிரிமார் எழுதிய ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஃபிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் பல பதிவுகளுக்கு இலவசத் தேடல் அட்டவணை வைத்திருக்கிறது. அயர்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வசதி குறைவு. 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்தபோது அங்கிருந்த பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாயின. அங்கே அச்சு நூல்களை நம்பியே தீர வேண்டிய இடங்கள் உண்டு.

பணம் கட்டினால் கிடைப்பவை

1484-இல் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் ஹெரால்டுகள் எனப்படும் அதன் அதிகாரிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு தேடிக்கொடுப்பார்கள். அங்குள்ள பதிவுகளை நாமே புரட்டிப் பார்க்க முடியாது. பட்டத்துக்கு உரிமை கோருகிறவருக்கு அது தேவைப்படலாம். தெரிந்துகொள்ளும் ஆவலில் தேடுகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. 1530 முதல் 1688 வரை ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் குடும்பங்களிடம் கேட்டு எழுதிய வம்சாவளிகள் பல, ஹார்லியன் சொசைட்டியின் அச்சுப் பதிப்புகளில் கிடைக்கின்றன. சொன்னவரின் தாத்தா காலம் வரை அவை நன்றாக இருக்கும். அதற்கு மேலே எச்சரிக்கை.

டி.என்.ஏ. பற்றிப் பலரும் கேட்கிறார்கள். லெஸ்டர் நகரக் கார் நிறுத்தத்துக்கு அடியில் 2012-இல் கிடைத்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு, இதற்கு நல்ல பாடம். தாய்வழி டி.என்.ஏ., அவருடைய அக்காவின் பெண்வழிச் சந்ததியோடு ஒத்துப்போனது. ஆண்வழி ஒய் குரோமோசோமோ, நூல்களின்படி பங்காளிகளான பியூஃபோர்ட் டியூக் குடும்பத்தாரோடு ஒத்துப்போகவில்லை. சோதித்த ஐந்து பேரில் ஒருவர் மற்ற நால்வரோடும் சேரவில்லை. தலைமுறைகளின் நடுவில் எங்கோ அப்பா மாறியிருக்கிறார். நூல்கள் பொய் சொல்லவில்லை, பட்டம் போன வழியைச் சரியாகத்தான் சொன்னன. ரத்தம் போன வழி வேறு.

சட்டமும் இதில் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஆம்ப்ட்ஹில் பாரன் பட்ட வழக்கில் 1976-இல் பிரபுக்கள் சபை, முறையான பிள்ளை என்று ஐம்பது ஆண்டுக்கு முன் நீதிமன்றம் அறிவித்ததே போதும் என்றது. 1683-இல் உருவான ஸ்டிச்சில் பிரிங்கிள் பாரனெட் (பாரனுக்குக் கீழான பரம்பரைப் பட்டம்) பட்டத்தில், 2016-இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு டி.என்.ஏ. சான்றை ஏற்று, பட்டத்தைத் தம்பி வழிக்கு மாற்றிவிட்டது. ஆகவே டி.என்.ஏ. சோதனையை, ஆவணத்தில் குறிப்பான ஒரு கேள்வி எழுந்த பிறகு, அதற்குப் பதில் சொல்லக்கூடிய இரண்டு பேர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

சரி, கையில் ஒரு மாதமும் இணைய இணைப்பும் மட்டும் இருக்கிறவர் என்ன செய்யலாம்? ஒரு குடும்பம், ஒரு பட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ளீட் பீரேஜின் பழைய தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன; அதில் பட்டத்தின் எலும்புக்கூட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஹிஸ்டரி ஆஃப் பார்லிமெண்ட் கொண்டு தம்பிகளையும் மைத்துனர்களையும் சேருங்கள். பர்க்ஸையும் இணைய மரங்களையும் அதற்குப் பிறகு திறந்து, அவை புதிதாகச் சொல்லும் பெயர்களைப் பென்சிலில் மட்டும் குறியுங்கள். எந்தப் பெயர் உங்களுக்கு முக்கியமோ அதற்கு ஒரு உயிலோ பதிவேடோ தேடுங்கள். சந்தா கட்டுவதானால் இந்தக் கட்டத்தில், ஒரே மாதத்துக்குக் கட்டினால் போதும்.

நான் இப்போது இருப்பது அந்தப் பென்சில் கட்டத்தில், ஜார்ஜ் பிகட்டோடு. இரண்டு தடவை மதராஸ் கவர்னராக இருந்தவர். சொந்தக் கவுன்சிலே கைது செய்து, காவலில் இருக்கும்போதே 1777-இல் இறந்தவர். 1766-இல் கிடைத்த பாரன் பட்டம் அவரோடு அற்றது. பாரனெட் பட்டம் தம்பி ராபர்ட்டுக்குப் போனது, அதைக் கொடுக்கும்போதே தம்பிகளுக்கும் உரிமை எழுதியிருந்தார்கள். பட்டத்தின் கணக்கில் அவருக்கு வாரிசு இல்லை. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளாத பிகட்டுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராணுவத்தில் ஜெனரல், இன்னொருவர் கடற்படையில் அட்மிரல். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பெயர்களைத்தான் உயில்களிலும் மதராஸ் பதிவேட்டு நகல்களிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.